காயத்தை மூடிய கைகள்

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். மயக்க மருந்தைக் கண்டவர் யார், நோய்க் கிருமியைக் கண்டவர் யார், இதயத்தை முதன்முதல் மாற்றி வைத்தவர் யார் என்ற வினாக்களுக்கு எந்த நூலிலும் விடை கிடைக்கும். அறுத்த உடலை மீண்டும் மூடியவர் யார், எதனைக் கொண்டு மூடினார், அவ்வாறு மூடப்பட்ட உடல் யாருடையது என்ற வினாக்களோ அரிதாகவே எழுகின்றன. இன்றுங்கூடப் பல வைத்தியசாலைகளில், தலைமைச் சத்திரவைத்தியர் தமது பணி முடிந்ததெனக் கையுறையைக் கழற்றிய பின்னர், பயிற்சியிலிருக்கும் இளைஞரிடம் விட்டுச்செல்லும் வேலையாகவே தோலைத் தைத்தல் இருந்து வருகின்றது. சிறிய வேலை என்று கருதப்படுவதனால் அதன் வரலாறும் சிறியதாகக் கருதப்பட்டுவிட்டது.

அவ்வரலாற்றை ஆராய்வதற்கு முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை மிகவும் பொருத்தமான களமாகும். தேய்ந்துபோன மூட்டின் எலும்பு முனைகளைச் சீவியெடுத்து, அவற்றின்மேல் உலோகத்தையும் இடையே பிளாஸ்ரிக் தகட்டையும் பொருத்துவதே இச்சிகிச்சை. இதற்காக முழங்காலின் முன்புறத்தே ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கீறப்படுகின்றது. வேலை முடிந்ததும் மூட்டின் உறை, அதன் மேலுள்ள கொழுப்புப் படை, தோல் என மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடவேண்டும். முழங்காலின் முன்புறத்துத் தோல் மெல்லியது. அதற்குக் கீழே தசையின் மெத்தை இல்லை. நோயாளியோ அன்றே அல்லது மறுநாளே எழுந்து நடக்கவேண்டும். காலை மடக்கிப் பழகவேண்டும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் காயம் இழுபடுகின்றது. அக்காயத்தின் அடியிலே உயிரற்ற உலோகம் கிடக்கின்றது. உலோகத்தின்மீது படியும் கிருமிகள் தம்மைச் சுற்றி ஒரு படலத்தை அமைத்துக்கொள்ளும். அப்படலத்தினுள் மருந்தும் எளிதிற் செல்லாது, குருதியின் காவற் கலங்களும் எளிதிற் செல்லா. வேறோர் இடத்தில் நாலு நாள் நீர் கசியும் தையல் ஒரு தொல்லை மட்டுமே. முழங்காலிலே அது முழுச் சிகிச்சையையும் பாழாக்கக்கூடிய ஆபத்து. இச்சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடத்து ஆழ்ந்த தொற்று ஏற்படுகின்றது. பொருத்திய மூட்டையே கழற்றியெடுத்து, மாதக்கணக்கிற் காத்திருந்து, மீண்டும் பொருத்தவேண்டிய நிலைக்கு அவர்களுட் பலர் ஆளாகின்றனர்.

ஆகவே இங்கே ஒரு வினா பிறக்கின்றது. நூலா, கம்பியா, பசையா, எது நல்லது? இதனை முடிவு செய்யவேண்டியவர் யார்? விரைவாக முடிக்க விரும்பும் வைத்தியரா, பண்டத்தை விற்கும் கம்பனியா, அல்லது காயத்தைச் சுமக்கும் மனிதரா? தையலின் வரலாறு இந்த வினாவுக்கான விடையை மெல்ல மெல்லத் தேடி வந்த வரலாறேயாகும்.

*

காயத்தை மூடும் வழிகள் மிகப் பழையன. கி.மு. 1600 ஆம் ஆண்டளவில் எகிப்திலே எழுதப்பட்டு, எட்வின் சிமித் ஏடு என்று இன்று வழங்கும் பப்பிரசுச் சுருளிலே காயத்தைத் தைக்கும் முறை கூறப்படுகின்றது. தோளிலே ஏற்பட்ட பிளந்த காயத்தைத் தைக்கவேண்டும் என்றும், தையல் தளர்ந்துவிடின் இரண்டு துணிக்கீற்றுக்களால் இழுத்துச் சேர்க்கவேண்டும் என்றும் அது அறிவுறுத்துகின்றது. நூல் ஒன்று, ஒட்டும் நாடா ஒன்று என்ற இரு வழிகளும் அன்றே தோன்றிவிட்டன.

இந்தியாவிலே தோன்றிய சுசுருத சங்கிதை இத்துறையில் வியக்கத்தக்க நுணுக்கமுடையது. சணல், ஆளிநார், மரப்பட்டை நார், நரம்பு, மயிர் என்பன தைப்பதற்குரிய இழைகளாக அதிலே கூறப்படுகின்றன. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கட்டெறும்புகளைக் கொண்டு கடிப்பித்துப் பொருத்தும் முறையும் அதிலுண்டு. ஊசிகளின் வகுப்பு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தசை மிகுந்த இடத்துக்கு மூன்று அங்குல நீளமுள்ள முப்பட்டை ஊசி; வயிறு முதலிய மென்மையான இடங்களுக்கு வில்போல் வளைந்த ஊசி; தசை குறைந்த இடத்துக்கும் மூட்டுக்களுக்கும் இரண்டு அங்குல நீளமுள்ள உருண்டை ஊசி. மூட்டின் மேலுள்ள தோல் பிற இடத்துத் தோல் போன்றதன்று என்பதை, அதனைக் கையால் தொட்டுத் தைத்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பழந்தமிழரும் இதனை அறியாதவரல்லர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து பரணர் செங்குட்டுவனைப் பாடியது. அதில் ஒரு பாடலிலே, போரிற் பிளந்த மார்பைத் தைக்கும் நீண்ட வெண்ணிற ஊசி வருகின்றது. குளிர்ந்த குளத்தினுள் மீனைத் தேடிப் பாய்ந்து வெளிவரும் சிச்சிலிப் பறவையை அவ்வூசிக்குப் புலவர் உவமையாக்குகின்றார். தசையினுள் மறைந்து, நனைந்து, மறுபுறம் எழும் ஊசியை நேரிற் கண்ட ஒருவருக்கன்றி இவ்வுவமை தோன்றுதல் அரிது. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. அங்கே போற்றப்படுவது மார்பின் வடு, வீரனின் புகழ். அவ்வூசியைப் பிடித்த கை யாருடையது என்பதைப் பாடல் கூறவில்லை.

உரோமப் பேரரசிலும் நிலை இதுவே. புகழ்பெற்ற மருத்துவராகிய கலென், பெர்காமம் நகரிலே கிளாடியேற்றர் எனப்பட்ட வாட்போர் அடிமைகளுக்கு வைத்தியராக இருந்து தமது கைத்திறனை வளர்த்துக்கொண்டவர். பார்ப்போரின் பொழுதுபோக்குக்காக வெட்டுண்ட உடல்களே அவருக்குப் பாடநூல்களாயின. குருதிக் குழாய்களைக் கட்டுவதற்குப் பட்டுநூல் சிறந்தது என்று எழுதிய அவர், பேரரசின் பல இடங்களிலும், சிறப்பாகப் பெருநகரங்களிலும், செல்வப் பெண்டிரிடம் அது கிடைக்கும் என்றும் குறிப்பிடுகின்றார். கிடையாத இடத்துக்குக் குடல்நூலைச் சொல்கின்றார். சீமாட்டியின் ஆடைக்கு வந்த இழை அடிமையின் குருதியை அடக்கியது. நல்ல நூல் எவரிடம் உண்டு என்ற வினா அன்றே மருத்துவத்தின் வினாவாகிவிட்டது.

*

இவ்வளவு அறிவு இவ்வளவு பழங்காலத்திலேயே இருந்தும், அது படிப்படியாக வளராமல் நூற்றாண்டுக் கணக்கில் தேங்கி நின்றமைக்குக் காரணம் யாது? கையால் செய்யும் தொழிலின்மேல் மேற்குடியினர் கொண்டிருந்த இழிவெண்ணமே தலையாய காரணம் எனலாம்.

சத்திரசிகிச்சையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. அவற்றின் மூலப்பொருள் ‘கைத்தொழில்’ என்பதே. சொல்லிலேயே தொழிலின் குலம் பொறிக்கப்பட்டிருந்தது. இந்தியாவிலே மனுஸ்மிருதி, வைத்தியன் தரும் உணவை உண்ணத்தகாத உணவுகளின் வரிசையில் வைத்தது. உடலைத் தொட்டு அறிந்த மருத்துவர்களைச் சாதிநெறி காத்தோர் எவ்வாறு ஒதுக்கினர் என்பதைத் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆய்விலே விரிவாக எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவிலே இலத்தீன் கற்ற மருத்துவர் ஏட்டைப் பார்த்து மருந்து சொன்னார். அறுப்பதும் தைப்பதும் நாவிதனுக்கு விடப்பட்டன. இலண்டனிலே நாவிதரும் சத்திரவைத்தியரும் 1540 ஆம் ஆண்டில் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745 வரை அவ்வாறே இருந்தனர். அறிந்தவன் தொடுவதில்லை, தொடுபவன் எழுதுவதில்லை. இந்நிலையில் ஒரு தலைமுறையின் கை கற்றுக்கொண்டது அடுத்த தலைமுறைக்கு ஏட்டின் வழியாகச் சென்று சேர்வது அருமை.

இச்சுவரை உடைத்தவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் அம்புறுவாஸ் பரே. நாவித சத்திரவைத்தியராகத் தொழில் பயின்ற அவர் இலத்தீன் அறியார். ஆகவே மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். 1530 களில் இத்தாலியில் நிகழ்ந்த போரின்போது, துப்பாக்கிக் காயங்களிலே கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதே ஏட்டு விதியாக இருந்தது. ஒரு நாள் எண்ணெய் தீர்ந்துபோகவே, எஞ்சியவர்களுக்கு முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், தேப்பந்தைலம் என்பன சேர்ந்த களிம்பைப் பூசினார். மறுநாட் காலையிற் சென்று பார்த்தபோது, எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலாலும் வீக்கத்தாலும் துடித்தனர். மற்றையோர் ஓரளவு அமைதியாகக் கிடந்தனர். இனி எண்ணெய் ஊற்றுவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். முகத்திலே ஏற்படும் காயங்களுக்கு அவர் கையாண்ட இன்னொரு முறையும் குறிப்பிடத்தக்கது. காயத்தின் இருபுறத்தும் பசை தடவிய துணியை ஒட்டி, தோலைத் துளைக்காமல் துணியோடு துணியைத் தைத்து இழுத்தார். வடு சிறுத்தது. ‘உலர் தையல்’ எனப்பட்ட இம்முறையே இன்றைய பசைக்கும் நாடாவுக்கும் பாட்டன் ஆகும்.

பரேயின் பெருமை களிம்பிலே இல்லை. ஏட்டின் விதியைச் சிப்பாயின் காயத்தைக் கொண்டு அளந்து பார்த்தமையிலேயே உள்ளது. காயமே நீதிபதி என்ற கருத்து இங்கே முளைவிடுகின்றது. எனினும் அது தற்செயலாக நேர்ந்த சோதனை. அதனை ஒரு நெறியாக்குவதற்கு இன்னும் நானூறு ஆண்டுகள் ஆயின.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தையலின் கதை ஓர் இருண்ட வாயிலினூடாகச் செல்கின்றது. பட்டுநூல் போன்ற இழைகள் கிருமியை உறிஞ்சி அழுகலை வளர்த்தன. வெள்ளிக் கம்பி அத்துணை அழுகலை உண்டாக்கவில்லை. இதனை உலகுக்குக் காட்டிய பெருமை அமெரிக்கராகிய மரியன் சிம்ஸ் என்பவருக்கு அளிக்கப்படுகின்றது. பிரசவத்தின்போது உட்புறம் கிழிந்து, ஓயாது சிறுநீர் கசியும் கொடுந்துன்பத்தை அவர் 1849 ஆம் ஆண்டில் வெள்ளிக் கம்பித் தையலால் தீர்த்தார். அச்சோதனைகள் நிகழ்ந்தது அலபாமா மாநிலத்தின் மொன்கொமரி நகரில். சோதனைக்குள்ளானவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். அனார்க்கா, பெற்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அனார்க்காவின் உடலில் ஏறத்தாழ முப்பது தடவை கத்தி பாய்ந்தது. ஈதர் மயக்கம் 1846 இலேயே உலகறியச் செய்யப்பட்டிருந்தும், அது அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. இசைவு தரவேண்டியவர் அவர்களின் உடைமைக்காரரே.

சிம்சுக்கு நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவின் ஓரத்திலே சிலை நின்றது. 2018 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அச்சிலை அகற்றப்பட்டது. வெள்ளிக் கம்பி பல பெண்களின் வாழ்வை மீட்டது என்பது உண்மை. அது எவ்வாறு கற்கப்பட்டது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே கூறாத வரலாறு அரை வரலாறே.

அதே வெள்ளிக் கம்பி 1877 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் முழங்காலுக்கு வந்தது. அதுவரை முழங்கால் மூட்டைத் திறப்பது நோயாளியைக் கொல்வதற்கு ஒப்பானது என்றே சத்திரவைத்தியர் அஞ்சினர். சீழ் மூட்டினுட் புகுந்துவிட்டால் காலை வெட்டுவது, அல்லது சாவு, வேறு வழியில்லை. பாஸ்ரரின் ஆய்வுகளைக் கற்ற யோசேப் லிஸ்ரர், 1865 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிலே காபோலிக் அமிலத்தைக் காயங்களிற் பயன்படுத்தத் தொடங்கி, 1867 இலே தம் முடிவுகளை வெளியிட்டார். பத்தாண்டு கழித்து இலண்டனுக்கு வந்த அவர், உடைந்த முழங்காற் சில்லுடைய ஒரு மனிதரின் மூட்டைத் துணிந்து திறந்து, சில்லின் துண்டுகளை வெள்ளிக் கம்பியாற் பிணைத்து, மீண்டும் மூடினார். அந்நோயாளி இறந்தால் லிஸ்ரர்மீது வழக்குத் தொடுக்கவேண்டும் என்று இலண்டனின் வைத்தியர் ஒருவர் கூறியதாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். நோயாளி இறக்கவில்லை, நடந்தார்.

குடல்நூலையும் லிஸ்ரரே திருத்தினார். ஆட்டின் குடலிலிருந்து எடுக்கப்படும் இந்நூல் உடலினுள் தானே கரைந்துவிடும். ஆனால் குடலோடு அழுகலும் வந்தது. காபோலிக் அமிலத்தில் ஊறவைத்துக் கிருமி நீக்கிய குடல்நூல் பற்றி அவர் 1869 இல் எழுதினார். இந்நிகழ்ச்சிகள் ஓர் உண்மையை நிலைநாட்டின. தையலின் நன்மை தீமை கையின் நேர்த்தியில் மட்டும் தங்கியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்களோடு நடக்கும் போராட்டத்திலும் தங்கியுள்ளது. தையல் என்பது கதவு. கதவு அழகாயிருந்து பயனில்லை, கள்வர் உள்ளே இருக்கக்கூடாது.

இதனை இன்னும் கசப்பாக உணர்த்தியவர் பேர்லின் நகரின் தெமிஸ்ரொக்கிளஸ் குளுக். அவர் 1890 ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தாற் செய்த கீல்மூட்டை முழங்காலிற் பொருத்தினார். செயற்கை முழங்காலின் வரலாறு இங்கேயே தொடங்குகின்றது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட மூட்டுக்கள் சயரோகத்தால் அழிந்தவை. தந்தம் பொருந்தியது, தோல் மூடியது, உள்ளே நோய் எஞ்சியிருந்தது. தொற்றினால் அம்மூட்டுக்கள் தோல்வியுற்றன. முழங்காலை மாற்றும் முயற்சி பல பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டது.

*

சயரோகம் நம் கதையில் இன்னொரு வழியாகவும் நுழைகின்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்நோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் என்ற மருந்து அமெரிக்காவிலிருந்து கிடைக்கலாயிற்று. போரினால் நலிந்த பிரித்தானியாவிடம் டொலர் இல்லை. எல்லா நோயாளருக்கும் வாங்க முடியாது. இருக்கும் சிறு அளவு மருந்தைப் பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் முறைப்படி தீர்மானித்து, இரு பிரிவினரின் நிலையையும் நேர்மையாக ஒப்பிடுவது என்று முடிவாயிற்று. புள்ளியியலாளர் ஒஸ்ரின் பிரட்போட் ஹில் வகுத்த இச்சோதனையின் முடிவு 1948 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பரே தற்செயலாகச் செய்தது இங்கே ஒரு நெறியாயிற்று. இதன்பின் ஒரு சிகிச்சை நல்லது என்று கூறுவதற்குப் பெரியவரின் சொல் போதாது. நோயாளரை எண்ணிக் காட்டவேண்டும்.

ஆனால் தையலை எண்ணிப் பார்க்க எவரும் அவசரப்படவில்லை. அக்காலத்தில் தையலின் திசையைத் தீர்மானித்தவை பொறியும் சந்தையுமே.

கம்பிக் கவ்வியால் உடலை மூடும் பொறியை முதலில் அமைத்தவர் ஹங்கேரி நாட்டின் ஹியூமர் ஹியூல்ற்ல்; ஆண்டு 1908; இடம் புடாபெஸ்ற். இரைப்பையை மூடுவதற்கான அப்பொறி பெரும் பாரமுடையது. பூட்டி ஆயத்தம் செய்வதே பெரும்பாடு. 1921 ஆம் ஆண்டில் அந்நாட்டின் அலடார் பெற்ஸ் அதனைவிட இலகுவான ஒன்றைக் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சோவியத் யூனியன் இத்துறையை ஒரு தேசிய வேலையாக எடுத்துக்கொண்டது. மொஸ்கோவில் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. போரினால் நொந்த பரந்த நாட்டிலே தேர்ந்த கைகள் குறைவு. தேர்ந்த கையின் திறனைக் கருவியினுள் வைத்துவிட்டால் தொலைவிலுள்ள வைத்தியசாலையின் சாதாரண வைத்தியரும் நல்ல தையல் இடலாம். இது பெருமைக்குரிய நோக்கம். மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய அக்கருவிகளிலே கவ்விகளைக் கையால் ஒவ்வொன்றாக நிரப்பவேண்டியிருந்தது. இது பெரிய குறை.

1958 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரவைத்தியர் மார்க் றவிச் சோவியத் நாட்டுக்குச் சென்றார். கியேவ் நகரிலே நிக்கொலாய் அமோசவ் இக்கருவியால் நுரையீரற் சிகிச்சை செய்வதை அறிந்து, ஒன்றை வாங்கிச் சென்றார். 1960 களில் அமெரிக்கக் கம்பனி ஒன்று அக்கருவியை மாற்றியமைத்தது. முன்கூட்டியே கவ்விகள் நிரப்பிய, கிருமி நீக்கிய சிறு பெட்டிகள் வந்தன. சோவியத் கருவியின் குறை உண்மையிலேயே தீர்ந்தது. ஆனால் பெட்டி ஒருமுறைக்கே உரியது. பின்னர் கருவியும் ஒருமுறைக்கே உரியதாயிற்று. பயன்படுத்தியபின் எறியவேண்டும், மீண்டும் வாங்கவேண்டும். பொதுத் தேவைக்காகப் பிறந்த கருவி ஓயாத விற்பனைப் பண்டமாயிற்று. 1970 களிலே தோலை மூடும் கவ்விப் பொறிகளும் பரவின. முழங்கால் மாற்றுச் சிகிச்சை இன்றைய வடிவத்தைப் பெற்றதும் அதே காலத்திலேதான். நியூயோர்க்கிலே இன்சோல், ரணாவத், வோக்கர் என்போர் அமைத்த மூட்டு 1974 ஆம் ஆண்டிலிருந்து பொருத்தப்பட்டது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

பசையின் கதை போரோடு பிணைந்தது. 1942 ஆம் ஆண்டில் துப்பாக்கியின் குறிகாட்டிக்கு ஏற்ற தெளிந்த பிளாஸ்ரிக்கைத் தேடிய அமெரிக்க இரசாயனவியலாளர் ஹரி கூவர், சயனோஅக்கிரிலேற்று என்ற பொருளைக் கண்டார். தொட்டவற்றிலெல்லாம் ஒட்டிக்கொண்டமையால் அதனை ஒதுக்கிவிட்டார். 1951 இலே அக்குறையே அதன் குணம் என்பது புலப்பட்டது. 1958 இல் அது கடைக்கு வந்தது. வியற்நாம் போரிலே காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் குருதியை நிறுத்த அது தெளிக்கப்பட்டது. தோலுக்குத் தீங்கு குறைந்த ஒரு வகைக்கு 1998 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

*

இவ்வாறு இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபோது முழங்காலின் தோலை மூட மூன்று வழிகள் அருகருகே நின்றன. மூன்றுக்கும் நியாயம் உண்டு.

நூலால் தைப்பதற்குப் பொழுது அதிகம். தோலின் வெளியே நைலோன் முடிச்சுக்களாகவும் இடலாம். தானே கரையும் இழையைத் தோலின் அடிப்படையினுள் பாம்புபோல் வளைத்தும் ஓட்டலாம். இரண்டாவது முறையில் எடுக்கவேண்டிய தையல் இல்லை. புறத்தே துளைகளும் இல்லை. ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும். கம்பிக் கவ்விகள் மிக விரைவாக இடத்தக்கவை. ஒரு சாண் காயம் சில நிமிடங்களில் மூடிவிடும். ஆனால் விளிம்பின் இருபுறத்தும் வரிசையாகத் தோல் துளைக்கப்படுகின்றது. ஏறத்தாழ இரு வாரத்தில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். அதன் நோவை அனுபவித்தோர் அறிவர். பசை நீர் புகாத மூடியாக அமைகின்றது, அதனைக் கழற்றவேண்டியதில்லை. ஆனால் ஈரமான விளிம்பில் அது நன்கு பற்றாது. மடங்கும் முழங்காலின் இழுவையை அது தனியே தாங்காது. அடியிலே நல்ல தையல் இருக்கவேண்டும்.

எது நல்லது என்பதை 2010 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆய்வாளர் சிலர் எண்ணிப் பார்த்தனர். எலும்புச் சத்திரசிகிச்சையின் பின் நூலையும் கவ்வியையும் ஒப்பிட்ட 6 ஆய்வுகளை, 683 காயங்களை, அவர்கள் ஒன்றுசேர்த்தனர். கவ்வியால் மூடிய காயங்களில் தொற்று ஏற்படும் ஆபத்து, நூலால் தைத்தவற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் என்று பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே அறிவித்தனர். இடுப்புச் சத்திரசிகிச்சையிலே அது நான்கு மடங்கு. எனினும் தாம் சேர்த்த ஆய்வுகளுட் பல சிறியன, குறையுடையன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அதன்பின் முழங்காலிலே நடந்த ஒப்பீடுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை. வேறுபாடு சிறியது என்று கண்டவையும் உண்டு. வாதம் இன்னும் முடியவில்லை.

முடியாமை ஒரு குறையன்று. இங்கே கவனிக்கவேண்டியது வேறொன்று. கவ்விப் பொறி முப்பதாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் விற்பனையானபின்பே, அது நோயாளிக்கு நல்லதா என்பதை ஒருங்கு சேர்த்துப் பார்க்கும் முயற்சி நிகழ்ந்தது. அப்போது கிடைத்தவை ஆறே ஆய்வுகள். விரைவு அளக்கப்பட்டது, சத்திரசிகிச்சைக் கூடத்தின் நிமிடங்கள் பணமாகக் கணக்கிடப்பட்டன. நிமிடங்கள் மிச்சப்படுவது இழிவானதன்று. நீண்ட வரிசையிற் காத்திருக்கும் அடுத்த நோயாளிக்கும் அது நன்மையே. ஆனால் மிச்சம் பிடித்த சில நிமிடங்களுக்கு எவர் விலை கொடுக்கிறார் என்ற வினாவைக் கேட்காத கணக்கு முழுக் கணக்கன்று. கசியும் காயத்தோடு படுத்திருப்பவரும் அக்கணக்கிலே இடம்பெறவேண்டும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, இந்நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளிற் பல மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருள்களும் இன்றி, அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தன. மார்ச்சு மாத இறுதியிலே பேராதனைப் போதனா வைத்தியசாலையும் அவ்வாறு செய்யவேண்டியதாயிற்று. 1951 இலிருந்து கட்டணமின்றி மக்களுக்கு மருத்துவம் அளித்துவந்த ஒரு நாட்டிலே, டொலர் இல்லாமையாற் கத்தி நின்றது. போரின் பின் டொலர் இல்லாத பிரித்தானியா, இருக்கும் மருந்தை நீதியாகப் பங்கிட்டு, அதிலிருந்து உலகுக்கு ஒரு நெறியைக் கற்பித்தது. நம் நாட்டிலும் எந்தப் பொருளுக்கு அந்நியச் செலாவணியைச் செலவிடவேண்டும், எந்தப் புதுமை மெய்யான நன்மை, எது வெறும் விற்பனை என்பதை முடிவு செய்யும் நாள் வரும்போது, அம்முடிவு விற்பனையாளரின் பிரசுரத்திலிருந்து பிறக்கக்கூடாது. எண்ணிப் பார்த்த காயங்களிலிருந்தே அது பிறக்கவேண்டும்.

நல்ல நூலும், அதனை ஓட்டப் பழகிய கையும், அக்கையைப் பயிற்றும் நல்லாசிரியரும் எந்தச் சந்தையிலும் காலாவதியாகிவிடுவதில்லை. பொறியும் பசையும் வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. அவை தம் நன்மையைக் காயத்தின் முன்னிலையில் நிறுவட்டும். கிளாடியேற்றரும், பரேயின் சிப்பாய்களும், அனார்க்காவும் சாட்சி சொல்ல அழைக்கப்படாமலே அவர்களின் உடல்களிலிருந்து மருத்துவம் கற்றது. இன்று ஒரு நெசவாளியின், ஒரு தோட்டத் தொழிலாளியின், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் தேய்ந்த முழங்காலை மூடும்போது அவர்களைக் கேட்கும் நெறி நம்மிடம் உண்டு. அந்நெறியைக் கைவிடாமற் காப்பது வைத்தியரின் பொறுப்பு மட்டுமன்று. கற்பிப்போரும் கற்போரும் சேர்ந்து ஏற்கவேண்டிய பொறுப்பாகும்.